முனியப்பன் காலடிக் கத்தரி

கல்லோடைப்பட்டி, பொம்மிடி வழி
22-7-2025

வெண்மதிக்கு,

தை மாதம் நடக்க வேண்டிய பென்னாகரம் இடைத்தேர்தல் பங்குனிக்குத் தள்ளிப்போன வருஷம். மாட்டுப் பொங்கலன்று பட்டப்பகலில் சூரியனைப் பாம்பு பிடித்து, புளியமரத்தடி வெயிலெல்லாம் பிறை பிறையாகத் தரையில் விழுந்த வருஷம். அதே தை கடைசியில், புழு தின்னாத கத்தரிக்காய் இப்போதைக்கு வேண்டாம் என்று டெல்லியில் நிறுத்திவைத்தார்கள். எல்லாம் ஒரே வருஷம். அந்த வருஷம்தான் நீ வீட்டை விட்டுப் போனாய். உனக்கு அதற்கு நம்பர் தெரியும். எனக்கு இப்படித்தான் தெரியும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரிந்ததுதான். நான் சொல்லச் சொல்ல எழுதுவது அமுதவல்லி. நம் பங்காளி வீட்டு ரஞ்சித்குமார் சம்சாரம், பாலக்கோட்டுப் பக்கத்துப் பெண், தெருவில் தையல் மிஷின் வைத்திருக்கிறாள். நான் பேசுகிறபடியே எழுதினால் நீ சிரிப்பாயாம், புத்தகத் தமிழாக மாற்றிக்கொள்கிறாள். போனில் பேசலாமே மாமா என்றாள். போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன். காகிதத்தில் ஒரு ஆள் முடிக்கிற வரைக்கும் இன்னொரு ஆள் வாயைத் திறக்க முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் மேட்டு நிலத்துக்குக் கிழக்கே முனியப்பன் உட்கார்ந்திருக்கிறார் அல்லவா, அவர் வலது காலடியில் ஒரு கத்தரிச்செடி இருக்கிறது. நேற்று வந்ததல்ல. ஒரு செடி காய்ந்தால் அதன் காய் விழுந்த இடத்தில் இன்னொன்று முளைக்கும். அங்கே வைத்ததை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, அங்கே முளைத்ததைப் பிடுங்கக் கூடாது என்பது நம் ஊர்க் கட்டுப்பாடு. அதனால் யாரும் அதைத் தொட்டதில்லை. களையோடு களையாக நின்றது. செவ்வாய்க்கிழமை விளக்குப் போடப் போகிறவன் நான், பார்த்துக்கொண்டே வந்திருக்கிறேன்.

இந்த ஆடியில் பக்கத்து நிலத்து அன்பு தன் கத்தரித் தோட்டத்தில் அழாத குறையாக நின்றான். மருந்தடித்து மருந்தடித்து நம் வீட்டு நாய்கூட அந்தப் பக்கம் போவதில்லை. அப்படியும் குருத்தெல்லாம் தலை தொங்கிவிட்டது. காயைக் கீறினால் உள்ளே புழு குடித்தனம் நடத்துகிறது. அந்த ஆத்திரத்தில் முனியப்பனிடம் சண்டை போடப் போயிருக்கிறான். போனவன் காலடியில் தொங்கிய காய்களைப் பார்த்து வந்த சண்டையை மறந்துவிட்டான். கழுவி வைத்த கூழாங்கல் மாதிரி காய்கள். ஒன்றில்கூடப் பொத்தல் இல்லை. ஓடிவந்து என்னைக் கூட்டிப் போனான். உதிர்ந்து கிடந்த ஒன்றை அங்கேயே வைத்துக் கீறினோம். வெள்ளை வெளேரென்று சதை, விதை. வேறு ஒன்றும் இல்லை.

இப்படி ஒரு காயை இதற்கு முன் ஒரே ஒரு இடத்தில் பார்த்திருக்கிறேன். எங்கே என்று உனக்குத் தெரியும். அதற்காகத்தான் அந்த வருஷத்தை முதலில் சொன்னேன்.

வந்து பார். என்னைப் பார்க்க வேண்டாம். அதைப் பார்.

கிருஷ்ணப்பன்


ஈரோடு
30-7-2025

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்துக் காட்டுவதும் அமுதா அண்ணிதான் என்று நினைக்கிறேன். அண்ணி, அம்மா காரியத்தன்று நான் வாசலிலேயே நின்றபோது ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர் நீங்கள். அன்று நன்றிகூடச் சொல்லவில்லை.

அப்பா, தயவுசெய்து அந்தச் செடியை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காயைச் சமைக்க வேண்டாம். விதை எடுக்க வேண்டாம்.

நீங்கள் நினைப்பதைத்தான் நானும் நினைக்கிறேன், ஆனால் பார்க்காமல் சொல்ல மாட்டேன். நம் மேட்டு நிலத்தைக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டீர்கள். மண்ணில் இருக்கும் ஒரு நுண்ணுயிரின் குணத்தை எடுத்துக் கத்தரிக்குள் வைத்து, கடித்த புழு சாகும்படி செய்த செடியை அங்கே சோதனைக்கு வளர்த்தார்கள். அது நல்ல செடியா கெட்ட செடியா என்று அன்றைக்கு நான் சண்டை போடவில்லை. உங்களுக்கு அப்படித்தான் கேட்டிருக்கிறது. அதை விற்கப்போகிறவனே அதைச் சோதித்தும் பார்த்து, அவனே பாதுகாப்பானது என்றும் சொன்னால் நாம் எதை நம்புவது என்றுதான் கேட்டேன். "என் நெலம், என் இஷ்டம், நீ படிச்சது போதும்" என்றீர்கள். கிரகணம் விடட்டும் என்று அம்மா வாசலை மறித்தார். நான் அந்த இருட்டு வெயிலிலேயே பொம்மிடி வரை நடந்தேன்.

இப்போது எதற்கு இதெல்லாம் என்றால், நிறுத்திவைத்த அந்தக் கத்தரியை மறுபடி அனுமதிக்கலாமா என்று மக்கள் கருத்துக் கேட்க ஒரு குழு தீபாவளி முடிந்து தர்மபுரியில் கூட்டம் போடுகிறது. எங்கள் விதைக் கூட்டமைப்பின் சார்பில் பேசப்போவது நான். கம்பெனி கொடுத்திருக்கும் அறிக்கையின் முதல் வரி இது: வேலிக்குள் வளர்ந்தது எதுவும் வேலியைத் தாண்டவில்லை, அனைத்தும் எரித்துப் புதைக்கப்பட்டது.

அதனால்தான் கேட்கிறேன். அந்தச் செடி அங்கே எப்படி வந்தது?

வெண்மதி


கல்லோடைப்பட்டி
10-8-2025

வெண்மதிக்கு,

எப்படி வந்தது என்பதைக் கடைசியில் கேள். முதலில் நான் பார்த்ததைக் கேள். அன்றைக்கு நீ கேட்கவில்லை.

கிணறு வற்றிக் கிடந்த வருஷம் அது. கம்பெனிக்காரர்கள் செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்து, ஐயா என்று கூப்பிட்டுப் பேசினார்கள். நம்மை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. நிலத்தைக் கொடுத்தேன். கொடுத்த மறுவாரம் ஆள் உயர வேலி போட்டுப் பூட்டுப் போட்டார்கள். என் நிலத்துக்குள் நான் போக வேண்டுமானால் சீட்டு வாங்க வேண்டும், என் செருப்பைக் கழற்றி அவர்கள் செருப்பைப் போட வேண்டும். மாமனார் வீட்டுக்குப் போன மாப்பிள்ளை மாதிரி ஓரமாக நின்று பார்த்தேன்.

மாதவராஜ் என்று ஒரு சின்ன வயது ஆபீசர் இருந்தான். நல்ல பையன். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, ஒரு கண்ணாடிக் குப்பியில் அந்தச் செடியின் குருத்தை வைத்து, அன்பு தோட்டத்துப் புழு ஒன்றை அதன் மேல் விட்டான். புழு எப்போதும்போல ஆவலாகக் கடித்தது. பிறகு கடிப்பதை நிறுத்தியது. தலையைத் தூக்கி யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி ஆட்டியது. மறுநாள் போனபோது சுருண்டு கிடந்தது. இலையில் மருந்து இல்லை, வாசம் இல்லை. நானே தொட்டு முகர்ந்தேன். கத்தரி இலை, அவ்வளவுதான். என் அப்பன் சாம்பல் தூவினான், நான் பூச்சி மருந்து அடித்தேன், இந்தச் செடி சும்மா நின்றே அதைச் செய்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எடுத்துச் செடியின் ரத்தத்தில் வைக்கிற கை எப்படிப்பட்ட கை என்று நினைத்து நினைத்து எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கும்பிடுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. இதைச் சொல்லத்தான் மாட்டுப் பொங்கலன்று உன்னிடம் வாயெடுத்தேன். வேறு ஏதோ வந்துவிட்டது.

புதுப் பயிரின் முதல் காய் முனியப்பனுக்கு என்பது உனக்குத் தெரியும். ஒரே ஒரு காய் கொடுங்கள் என்று பெரிய ஆபீசரிடம் கேட்டேன். "சாமியும் வேலிக்கு வெளியதானுங்கய்யா இருக்கணும்" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அதற்குப் பிறகு கொஞ்ச காலம் முனியப்பன் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

டெல்லியில் நிறுத்தியதும் வேரோடு பிடுங்கிக் குழியில் போட்டுக் கொளுத்தினார்கள். புகை கத்தரிக்காய் சுட்ட வாசமாகவே வந்தது. நான் பார்த்தேன். எரித்ததும் நிஜம், இது நிற்பதும் நிஜம்.

ஆடிப் பதினெட்டுக்கு வந்த கூட்டம் செடிக்கு மஞ்சள் கயிறு கட்டிவிட்டது. முனியப்பன் கத்தரி என்று பேராகிவிட்டது. அன்பு பெண்டாட்டி அதைச் சுற்றிவந்து, தன் தோட்டத்துக்கும் அந்தக் குணத்தைக் கொடு என்று வேண்டிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற கலைமணி, "அதுக்குக் கம்பெனிக்காரன் பில்லு போடுவானக்கா, சாமி போடாது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

வா.

கிருஷ்ணப்பன்

(மாமா இதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். வேலி பற்றி இன்னும் ஏதோ சொல்ல வந்தார், சொல்லவில்லை. – அமுதா)


ஈரோடு
5-9-2025

அப்பா,

வந்துவிட்டுச் சாப்பிடாமல் போனதற்குக் கோபப்பட்டிருப்பீர்கள். வீட்டுக்குள் வந்திருந்தால் அழுதிருப்பேன். அம்மாவின் இடம் காலியாக இருக்கும் வீட்டில் உங்களுக்கு முன் அழ எனக்கு இன்னும் வரவில்லை.

முனியப்பன் முன்னால் நான் செய்ததை நீங்கள் தள்ளி நின்று பார்த்தீர்கள். என்னவென்று கேட்கவில்லை, அதனால் சொல்கிறேன். தானாக உதிர்ந்து கிடந்த இலை ஒன்றை எடுத்தேன். ஒரு சின்னக் குழாயில் தண்ணீர் விட்டுக் கசக்கினேன். அதில் ஒரு காகிதத் துண்டை நனைத்தேன். சாதாரணக் கத்தரி என்றால் காகிதத்தில் ஒரு கோடு வரும். அந்தக் குணம் உள்ளே இருந்தால் இரண்டு வரும்.

இரண்டு வந்தது.

எத்தனையோ கூட்டங்களில் இந்தச் செடியைப் பற்றிப் பேசியிருக்கிறேன். நேரில் பார்த்ததே இல்லை. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, உரம் போடவில்லை. ஒரு தலைமுறை விழுந்து இன்னொரு தலைமுறை எழுந்து, உள்ளே இருந்ததைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்திருக்கிறது. எந்த ஆய்வகமும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அந்தக் கோடு மெல்ல மெல்லச் சிவந்துவரும் வரை நான் குந்திய இடத்திலேயே இருந்தேன். எழுந்தபோது கை குவிந்திருந்தது. முனியப்பனைப் பார்த்துக் கும்பிட்டேனா, செடியைப் பார்த்துக் கும்பிட்டேனா, எனக்குத் தெரியாது. இதை என் தோழர்களிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

ஆனாலும் என் கேள்வி மாறவில்லை. பூவுக்குப் பூ வண்டு போகிறது. அன்பு அண்ணன் தோட்டத்து விதையிலும் இது ஏறியிருக்கலாம். நாளைக்கு ஒருவன் வந்து, இந்தக் குணம் என்னுடையது, உன் விதையில் இருப்பதும் என்னுடையது என்பான். வேலியைத் தாண்டாது என்று சொன்னவன் தாண்டியதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் என்ன செய்வது என்று பிறகு பேசலாம்.

குழுவுக்கு எழுதினேன். கம்பெனியின் பதில் வந்துவிட்டது. "எதிர்ப்பாளர்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டிருக்கலாம். அந்த அமைப்பின் பேச்சாளர் அதே ஊரைச் சேர்ந்தவர் என்பதையும் குழு கவனிக்க வேண்டும்." புரிகிறதா அப்பா? நான்தான் நட்டேன் என்கிறார்கள். என் பேச்சுக்கு இனி அங்கே மதிப்பில்லை.

வேலிக்குள் வேலை பார்த்தவர்கள் யாராவது வந்து, காய் வெளியே போனது என்று சொன்னால்தான் உண்டு. அவர்கள் யார்? உங்களுக்கு மறக்காது.

வெண்மதி


கல்லோடைப்பட்டி
18-9-2025

வெண்மதிக்கு,

மறக்காது. மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதைச் சொல்வதற்கு முன்னால் இங்கே நடந்ததைச் சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை ஒரு வெள்ளைக் கார் வந்தது. இறங்கியது மாதவராஜ். தலை நரைத்துவிட்டது, கம்பெனியில் பெரிய ஆளாகிவிட்டான். என்னைப் பார்த்ததும், "ஐயா, உங்க நெலத்துலதானுங்க நான் வேலை கத்துக்கிட்டேன்" என்று குனிந்து காலைத் தொட்டான். நடிப்பு இல்லை. அப்படித்தான் எனக்குப் பட்டது.

ஊரைக் கூட்டினான். இந்த மண்ணில் உப்புத் தின்றதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கம்பெனி ஆசைப்படுகிறதாம். முனியப்பன் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருக்கிறாரே, சுற்றிலும் காங்கிரீட் போட்டு, டைல்ஸ் ஒட்டி, மேலே கொட்டகை போட்டுத் தருகிறார்களாம். தீபாவளிக்குள் முடித்துவிடுவார்களாம். கூட்டத்துக்கு முன்னால் என்று அவன் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஊருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் மட்டும், காலடி மண்ணை மூட வேண்டாமே, சாமிக்கு மண்ணில் கால் பட வேண்டாமா என்றேன். ஊர்ப் பெரியதனக்காரன் குப்புராஜ் சிரித்தான். "மாமனுக்கு முள்ளு குத்துனாத்தான் பக்தி வரும்போல. சாமிக்கு டைல்ஸ் வேணாம்னு சொன்ன ஊருன்னு நம்ம பேரு டீவில வரணுங்களா?" என்றான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சொன்னதிலும் தப்பில்லை. வருஷா வருஷம் அங்கே யாராவது வழுக்கி விழுகிறார்கள்.

எல்லோரும் போன பிறகு மாதவராஜ் தனியாக முனியப்பனிடம் போனான். நான் வேப்பமரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததை அவன் பார்க்கவில்லை. ஷூவைக் கழற்றினான். செடிக்கு முன்னால் குந்தினான். ஒரு காயை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தான், கிள்ளவில்லை. பிள்ளையின் காதில் பேசுகிற மாதிரிச் சொன்னான்:

"இன்னும் உசுரோடவா இருக்கிற?"

அவன் கண் கலங்கியிருந்தது, வெண்மதி. அதைப் புதைக்க நாள் குறித்துவிட்டு வந்தவன்தான். அவன் கையால் பிறந்தது அது. அதன் முன்னால் அவன் எப்படி உட்கார்ந்திருந்தானோ அப்படித்தான் நானும் உட்கார்ந்தேன், நீயும் உட்கார்ந்தாய்.

இனி நீ கேட்டது. வேலிக்குள் தினமும் போய்வந்தவர்களில் ஆபீசர்களை விட்டால் நாலு பேர். காவலுக்குப் பச்சியப்பன். அவன் கடத்தூர் ரோட்டில் லாரி மோதிப் போய்விட்டான். களை எடுக்க நஞ்சம்மாளும் செல்லியும். நஞ்சம்மாளைக் கொரோனா கொண்டுபோனது, முகத்தைக்கூடக் காட்டவில்லை. செல்லி போன மாசியில் மகன் வீட்டில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மிச்சம் ஒரு ஆள். வெளியூரிலிருந்து கம்பெனி வேனில் வந்துபோன ஆள்.

எதுவும் வெளியே கொண்டுபோக மாட்டோம் என்று கம்பெனி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தது. ஆனாலும் ஒரு காய் வெளியே வந்தது. அது முனியப்பன் காலடியில் வைக்கப்பட்டதை நான் கண்ணால் பார்த்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. அப்போது நான் அந்த ஆளிடம் ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. முதல் காய் கொடுக்காத நிலத்தில் மேற்கொண்டு கை வைக்க அந்த ஆளுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். நான் கேட்டுக் கிடைக்காததைக் கேட்காமலே ஒரு ஆள் செய்ததைப் பார்த்து, அன்றைக்குத்தான் முனியப்பன் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

பேரைச் சொல்ல மாட்டேன். இன்றைக்கு அந்த ஆளின் வீட்டுக்குச் சோறு வருவது கம்பெனி வழியாகத்தான். என் வாயால் அடுப்பு அணைய வேண்டாம்.

அமுதவல்லி கை வலிக்கிறது என்கிறாள். நிறுத்துகிறேன்.

கிருஷ்ணப்பன்


ஈரோடு
25-9-2025

அப்பா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கோபமாக ஒன்று எழுதினேன். கிழித்துவிட்டேன். அது போனில் பேசுகிற மாதிரி இருந்தது.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஆள் வந்து சொன்னால் செடி பிழைக்கும் என்று நினைக்காதீர்கள். சட்டப்படி அதைப் பிடுங்கி எரிப்பார்கள். சுற்றிலும் இருக்கிற கத்தரியெல்லாம் சோதிக்கப்படும். மஞ்சள் கயிறு கட்டியவர்கள் என்னைத் திட்டுவார்கள். சொல்லாவிட்டால் அது காங்கிரீட்டுக்கு அடியில் போகும். இரண்டிலும் செடி இல்லை. ஒன்றில், இப்படி ஒன்று நடந்தது என்பது மிஞ்சும். இன்னொன்றில் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்றாகிவிடும். எந்த ஊரிலும் எந்த வேலியும் எதையும் தாண்டவிடாது என்று எழுதிக்கொண்டு போவார்கள்.

நான் அந்தக் கத்தரியின் எதிரி இல்லை அப்பா. முன்பு அப்படி நினைத்தேன். மாதவராஜ் அதன் முன் குந்தியதை நீங்கள் சொன்ன பிறகு நினைக்க முடியவில்லை. அது ஒரு பெரிய காரியம். அதனால்தான் அது ஒரு கம்பெனியின் பூட்டுக்குள்ளும், ஒரு கம்பெனியின் வார்த்தைக்குள்ளும் மட்டும் இருக்கக் கூடாது.

அந்த ஆள் யாராக இருந்தாலும், ஒரு காயைச் சாமிக்கு வைத்தவர்மேல் யாரும் கை வைக்க நான் விடமாட்டேன் என்று எழுத ஆசை. ஆனால் அது என் கையில் இல்லை. வேலை போகலாம். வக்கீல் நோட்டீஸ் வரலாம். எங்கள் கூட்டமைப்பு பக்கத்தில் நிற்கும், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

நீங்கள் சொல்ல வேண்டாம். அந்த ஆளிடம் இந்தக் கடிதத்தை மட்டும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அண்ணி, நீங்கள் படித்துக் காட்டுவீர்களா? அவர் சம்மதித்தால் பேரை எழுதி அனுப்புங்கள், குழுவுக்கு எழுத்தில் வேண்டும். வேண்டாம் என்றால் நான் இனிக் கேட்க மாட்டேன். அப்போதும் நான் வீட்டுக்கு வருவேன். இந்த முறை சாப்பிடுவேன்.

வெண்மதி


கல்லோடைப்பட்டி
6-10-2025

பாப்பா,

நீ கேட்டபடி அந்த ஆளுக்கு உன் கடிதம் படித்துக் காட்டப்பட்டது. சத்தமாக, ஒரு வரி விடாமல். அதற்குப் பிறகு அந்த ஆள் இரண்டு நாள் என் பக்கமே வரவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை.

நேற்று டைல்ஸ் வந்தது. கம்பெனிக் குடோன் வண்டியில் கொண்டுவந்தது ரஞ்சித்குமார். அவன் அங்கேதான் டிரைவர் என்பது உனக்குத் தெரியாமல் இருக்கலாம். வண்டியை முனியப்பன் திடலின் ஓரத்தில் நிறுத்தினான், இறங்கினான், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். இறக்க வந்த ஆட்கள் சுற்றி நின்றார்கள். குப்புராஜ் வந்து, ஏன்டா உட்கார்ந்திருக்கிறாய் என்றான்.

"வண்டிக் கதவு லாக் ஆயிடுச்சுங்க" என்றான் ரஞ்சித்குமார்.

சாவி இடுப்பில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. குப்புராஜ் கொஞ்ச நேரம் அந்தச் சாவியையே பார்த்தான். அப்புறம் செடியைப் பார்த்தான். என்ன நினைத்தானோ, "சரி, லாக்கு எப்ப எடுக்குதோ அப்ப எறக்குங்க" என்று சொல்லிவிட்டு வேலையாட்களை டீ குடிக்கக் கூட்டிப் போய்விட்டான். அவனை நான் இத்தனை வருஷம் வெறும் வாய் என்று நினைத்திருந்தேன்.

நான் ரஞ்சித்குமார் பக்கத்தில் உட்கார்ந்தேன். "வேலை போயிடும்டா" என்றேன். "போனா பொம்மிடி ஸ்டேஷன்ல ஆட்டோ ஓட்டிக்கறேன் பெரியப்பா. அவ ரெண்டு நாளா சோறு திங்கல. வூட்டுல மிஷின் ஓடற சத்தமே இல்ல. அதுக்கு இது தேவல" என்றான். அவன் பெண்டாட்டி எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிட்டிருந்தாள். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் சொல்லாததை.

இன்று காலையில் நான் செடியைப் பார்க்கப் போனேன். புதிதாக ஒரு பூ விட்டிருக்கிறது. ஊதாப் பூ, உள்ளே மஞ்சள். அதில் ஒரு கருவண்டு இறங்கி உறுமியது. இன்னும் கொஞ்ச நாளில் பிடுங்கப் போகிறார்கள் என்று அதற்குத் தெரியாது, வண்டுக்கும் தெரியாது. தெரிந்தாலும் பூக்காமல் இருக்காது. டெல்லியில் சட்டம் போட்டார்கள், இங்கே வேலி போட்டார்கள், பூட்டுப் போட்டார்கள், தீ வைத்தார்கள். அத்தனையையும் தாண்டி, சோற்று டப்பாவுக்குள் கைக்குட்டையில் சுற்றி ஒரு பெண் கொண்டுவந்து வைத்த ஒரு காய் இத்தனை வருஷம் நின்றிருக்கிறது. அதைச் செய்த கம்பெனிக்காரன் கையும் பெரிய கைதான், நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கையும் ஒரு கை. முனியப்பன் இரண்டையும் பார்த்துக்கொண்டு அப்படியே கண்ணை உருட்டி உட்கார்ந்திருக்கிறார். எண்பது தாண்டியும் இப்படி வாயடைத்து நிற்க ஒரு இடம் மிச்சமிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டத்துக்கு வருகிறேன். நான் பார்த்ததை நான் சொல்கிறேன். ஆனால் பார்த்தவன் பேச்சு ஒரு பேச்சு, செய்தவர் பேச்சு வேறு பேச்சு. அந்த ஆளும் வருகிறது. செடியைப் பிடுங்கும் முன்னால் ஒரு தடவை விளக்கேற்ற விட வேண்டும் என்பது மட்டும்தான் அந்த ஆள் கேட்பது. அதைக் குழுவிடம் நீ கேட்டு வாங்க வேண்டும்.

யார் என்று கேட்டிருந்தாய். பேர் எழுத்தில் வேண்டும் என்றும் சொன்னாய். சரி, கேட்டுக்கொள்.

எதிரில் பேனா நின்றுவிட்டது. நான் அவசரப்படுத்தவில்லை. வெளியே வெயில் நன்றாக ஏறிவிட்டது, ரஞ்சித்குமார் வண்டி இன்னும் அதே இடத்தில் நிற்பது இங்கிருந்தே தெரிகிறது. "விட்டுடலாம்மா, நான் வாயாலயே போய்ச் சொல்லிக்கறேன்" என்றேன். அவள் தலையாட்டவில்லை. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள்.

"நீங்க சொல்லுங்க மாமா. நான்தான எழுதணும்" என்றாள்.

இதையும் எழுது என்றேன். எழுதினாள்.

அப்போது பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து கம்பெனி வேனில் வந்து, செடிகளுக்குச் சீட்டு எழுதிக் கட்டிக்கொண்டிருந்த சின்னப் பெண். பிற்பாடு இந்த ஊருக்கே மருமகளாக வந்தாள். பச்சியப்பன் இல்லை. நஞ்சம்மாள் இல்லை. செல்லியும் போய்விட்டாள். அந்த வேலிக்குள் இருந்து, முதல் காயை முனியப்பனுக்குக் கொண்டுவந்து வைத்து, இன்றைக்கும் உயிரோடு இருப்பவள் அமுதவல்லி.